கதீட்டர் தற்பராமரிப்பு அளவீடு

மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், கதீட்டர் எனும் சிறுநீர்க் குழாயுடன் வாழ்பவர் வீட்டில் தம்மை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதைக் கேள்விப் படிவத்தால் மதிப்பிடும் முறை. தண்டுவடக் காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் பலருக்கு இத்தகைய குழாய் தேவைப்படுகிறது. அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மேரி வைல்டின் குழு இத்துறையில் முக்கியமானது.

இரண்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, நோயாளி உண்மையில் செய்வது: நாள் முழுக்கப் பரவலாகத் தண்ணீர் குடிப்பது, குழாய் மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது, யூரின் பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கவிடுவது, சிறுநீரின் நிறமாற்றத்தைக் கவனிப்பது. மற்றொன்று, இவற்றைத் தம்மால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாடு இதற்கு அடிப்படை.

அடைப்பே பெரும் தொல்லை. புரோட்டியஸ் மிராபிலிஸ் பாக்டீரியா யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரமாக்க, உப்புப் படிகங்கள் குழாயை அடைக்கின்றன; நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடவேண்டியிருக்கும். 2015இல் வெளியான வைல்ட் குழுவின் ஆய்வில் 202 பேர் பங்கேற்றனர். தற்பராமரிப்புப் பயிற்சி பெற்றவர்களிடம் முதல் ஆறு மாதங்களில் அடைப்பு குறைந்தது. பிறகு அப்பயன் நீடிக்கவில்லை. எனவே ஒருமுறை அளந்து நிறுத்துவது போதாது. கை அசையாதவருக்குப் பராமரிப்பவரே எல்லாம் செய்வதால், படிவத்தில் அவர் பங்கும் பதிவாக வேண்டும்.