மாற்று வில்

சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பிச் சுடும் பழைய கைத்துப்பாக்கியின் பக்கத்தில், ஒரு தகட்டுக்குப் பின்னே, வளைந்த எஃகு வில் ஒன்று இருக்கும். கல்லைப் பற்றிய சுத்தியலை முன்னே உந்துவது அதுவே. போர்க்களத்தில் அது முறிந்தால் வீரன் கையில் மிஞ்சுவது மரப்பிடி போட்ட இரும்புக் குழல்தான். மாற்று வில் ஒன்றைப் பையில் வைத்திருக்கலாகாதா என நீங்கள் கேட்கலாம். வைத்திருந்தும் பயனில்லை என்பதே அக்காலத்து அவலம். ஒவ்வொரு துப்பாக்கியையும் கொல்லன் தன் கண்ணளவாலும் அரத்தாலும் இழைத்துப் பொருத்தினான். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் ஒட்டாது.

1785-இல் பிரான்சில் ஹோனரே பிளாங்க் என்பவர், 50 துப்பாக்கிகளின் விசைப்பொறிகளைக் கழற்றி, அவற்றின் உறுப்புகளை வகைவகையாகப் பரப்பி வைத்தார். அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெஃபர்சன் கைக்கு வந்தவற்றை எடுத்துச் சிலவற்றைத் தாமே பூட்டிப் பார்த்தார். அவை அப்படியே பொருந்தின. வியந்து தம் நாட்டுக்கு எழுதினார்.

அவ்வியப்பு அமெரிக்காவில் ஓர் ஒப்பந்த விதியாக மாறியது. கனெக்டிகட் மாநிலத்துச் சிமியோன் நார்த், புல்லறுக்கும் அரிவாள் செய்துவந்தவர். 1813-இல் அரசாங்கம் அவரிடம் 20,000 கைத்துப்பாக்கிகள் கேட்டது. ஒன்றுக்கு 7 டாலர் விலை. அவற்றுள் எதன் உறுப்பும் மற்றெதிலும் பொருந்தவேண்டும் என்பது நிபந்தனை. தாளில் எழுதுவது எளிது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களை ஒரே அளவில் கோடு வரையச் சொன்னவன் நான். இருவர் ஏட்டில் கோடுகள் ஒத்து நான் கண்டது அரிது! நார்த்துக்கும் அது உடனே கைகூடவில்லை. இயந்திரங்களும் அளவுகருவிகளும் திருந்தியபின், 1834-இல், அவர் செய்த நீள்துப்பாக்கிகளின் உறுப்புகள், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஜான் ஹால் செய்தவற்றிலும் பொருந்தின.

சாமுவேல் கோல்ட் கதை வேறு. 1851-இல் லண்டனில் பொறியாளர் கழகத்தின் முன் தம் இயந்திரங்களின் பெருமையைப் பேசினார். ஆனால் அக்காலத்து அவரது சுழல்துப்பாக்கியைக் கழற்றினால் சட்டம், குழல், உருளை எல்லாவற்றிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் எதற்கு? இழைத்துப் பொருத்திய உறுப்புகள் தம் துணையைவிட்டுப் பிரியாமலிருக்கத்தான்! ஆங்கிலேயக் கனவான்களின் துப்பாக்கிப் பெட்டிகளில், வெடித்தொப்பி மாட்டும் சிறு முனைகள் உதிரியாகக் கிடக்கும். அவை திருகிப் போடுபவை, உடையவனே மாற்றிக்கொள்ளலாம். முறிந்த வில்லுக்கோ கொல்லன் தயவு வேண்டும்.

ஜான் பிரௌனிங் வகுத்த கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911-இல் ஏற்றது. பிரித்துத் துடைக்கத் தனிக்கருவி வேண்டா. இரண்டாம் உலகப்போரில் தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ராண்டும் அதைச் செய்தது. அதன் உறுப்புகள் மற்ற ஆலைகளின் துப்பாக்கிகளிலும் பொருந்தவேண்டும் என்பது கட்டளை. நம் வீட்டுத் தையல் இயந்திரத்தின் சிங்கர் நிறுவனமும் 500 செய்து கொடுத்தது. அவற்றுள் எஞ்சியவற்றை இன்று சேகரிப்போர் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். ஆனால் ஓர் உறுப்பும் மாற்றப்படாதிருந்தால்தான் அந்த விலை.