சித்தன்னவாசல் ஓவியமும் மூக்கணியின் தொன்மையும்

நம் குலத்தார் இல்லங்கள் சிலவற்றில் அண்மைக்காலமாக ஒரு பூசல் நிகழக் காண்கின்றோம். மூக்குக் குத்திக்கொள்ள விரும்பாத பெண்ணை, "தொன்றுதொட்டு வந்த வழக்கத்தைக் கெடுக்கின்றாயே" என்று முதியோர் கடிகின்றனர். அவளும் விடை கூறமாட்டாது கண்கலங்கி நிற்கின்றாள். தொன்மை என்பது ஆராய்ந்து சொல்லற்பாலதாகலின், நமக்கு அணித்தேயுள்ள சான்றொன்றை ஈண்டு எடுத்துக்காட்டப் புகுந்தாம்.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது சித்தன்னவாசல். அங்குள்ள அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் தூண்களில் ஆடல்மகளிர் இருவரும், முடியணிந்த அரசனொருவனும் வண்ணத்தால் தீட்டப்பெற்றுள்ளனர். இவற்றை முன்னர் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தனவென்றே கொண்டனர். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஆட்சியில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கிய செய்தியை அங்குள்ள பாட்டுக் கல்வெட்டு உரைத்தலின், ஓவியமும் அக்காலத்ததே எனப் பின்னர்ப் பலர் துணிந்தனர். எவ்வாறாயினும் ஆயிரத்து நூறு ஆண்டிற்குக் குறைந்ததன்று.

அம்மகளிரை உற்று நோக்குக. வண்ணம் சிதைந்த நிலையினும் கூந்தலில் பூவும் அணியும் விளங்குகின்றன. செவியில் பெருங்குழை தொங்குகின்றது. கழுத்திலும் தோளிலும் முன்கையிலும் அணிகள் நிறைந்துள்ளன. அத்துணை அணிந்தவள் மூக்கில் யாதொன்றும் இல்லை. ஓவியன் மறந்தான் என்பார்க்கு அந்நூற்றாண்டுகளையொட்டி வாழ்ந்த ஆண்டாள் விடை கூறுவாள். திருப்பாவையில் நோன்பு முடித்து அணிதற்குரிய அணிகள் ஐந்தைப் பெயர் சொல்லி அடுக்குமிடத்து, இரண்டினைச் செவிக்கே அளித்தாள், மூக்கினை நினைந்தாளில்லை. சிலப்பதிகாரத்து மாதவி கடலாடு காதையில் கால்விரல் தொடங்கித் தலைகாறும் பூண்டனவற்றுள்ளும் மூக்கணி இல்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் அங்ஙனமே.

மறுதலையாக ஒன்று கூறுவர். புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் 2023-ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழாய்வில் ஆறிதழ்ப் பூவடிவினதாகிய சிறு பொன்னணி ஒன்று கிடைத்தது. அதனை மூக்குத்தி என்றே செய்தித்தாள்கள் எழுதின. அத்தகைய பூவணி செவிக்கும் உரியதே. அணிந்தாள் முகத்தோடு கிடையாத அணியை இன்ன உறுப்பிற்குரியது எனத் துணிதல் அரிது. ஓவியத்திலோ முகமே நம்முன் உளது.

சொற்களும் சான்று பகரும். குழை, தோடு, தொடி, சிலம்பு என்பன பழந்தமிழ்ச் சொற்கள். நத்து, பேசரி, புல்லாக்கு என்பனவோ வடநாட்டு வழக்கினின்று வந்தவை. ஆதலின், இவ்வணி விசயநகர, நாயக்கர் ஆட்சியையொட்டியே ஈண்டுப் பரவியது என்னும் ஆராய்ச்சியாளர் கொள்கை நமக்கும் உடன்பாடே. இங்ஙனம் கூறுதலால் மூக்குத்தி வேண்டாவென்பது எம் கருத்தன்று. அஃது அழகிய அணி, விரும்புவார் அணிக. பழமை என்னும் கோல்கொண்டு சிறுமியரை அச்சுறுத்தல் மட்டும் வேண்டா.

உண்மையில் தொன்மையுடைய வழக்கம் செவி வளர்த்துப் பேரணி பூணுதலே. அதனைக் கைவிட்டவர் நம் பாட்டியர் தலைமுறைக்குப் பின் வந்தோர். தண்டட்டியும் பாம்படமும் பொற்றகட்டால் உள்ளீடின்றிச் செய்து அரக்கு நிரப்பப்பெற்றவை. காண்பதற்குப் பெரியன, பொன் சிறிதே. வளர்ந்த செவியை அறுத்துத் தைத்துக்கொண்டபின் அவை பட்டறையிற் புகுந்து சங்கிலியும் வளையலுமாயின. 1963-ஆம் ஆண்டுப் பொற்கட்டுப்பாட்டு விதிகள் புதுநகைகளைப் பதினான்கு காரட்டிற்கு மேற்படாது செய்தல் வேண்டும் என்றன. அக்கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீங்கிற்று. உருகிய பாம்படம் மீளவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் அளித்த பொன்னை ஆடவல்லான் என்னுங் கல்லாலும், நகைகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னுங் கல்லாலும் நிறுத்துக் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாகக் கல்லில் வெட்டினர். முத்துக்களையும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி என வகை பிரித்து எண்ணினர். அந்நகைகள் இன்றில்லை, அவற்றின் கணக்கு உளது. நம் இல்லத்து முதுபெண்டிர் பேழைகளில் எஞ்சியவற்றிற்கு அத்தகைய கணக்கும் இல்லை. ஆகவே, உருக்கக் கொடுக்குமுன் ஒவ்வொன்றின் பெயரும் நிறையும் வடிவும் குறித்து, அணிந்திருந்தார் பெயருடன் நம் சங்கத்திற்கு விடுப்பின், இப்பத்திரிகையில் திங்கள்தோறும் வெளியிட யாம் எழுதித் தருவோம்.