வேர்ரிபன்–வீடன் சைக்கிள் தடம்

நெதர்லாந்தின் ஓவரைசல் மாகாணத்தில், சுமார் 10,000 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் சதுப்புநிலத் தேசியப் பூங்காவினூடே செல்லும் சைக்கிள் பாதைகள் இவை. வேர்ரிபன் 1992-இல் தேசியப் பூங்காவானது. தெற்கே உள்ள வீடன் 2009-இல் அதனுடன் சேர்ந்தது.

ஓசன்சைலிலிருந்து காலன்பெர்க் வழியே போகிறவருக்கு இருபுறமும் நாணல், நீர், மறுபடி நாணல். இயற்கை போட்ட கோலம் என்று தோன்றும். உண்மையில் இது மண்வெட்டி போட்ட கோலம். பல நூற்றாண்டுகளாக இங்கே அடுப்பெரிக்க முற்றா நிலக்கரி எடுத்தார்கள். நீண்ட கைப்பிடியுள்ள வலைக்கரண்டியால் நீருக்கடியிலிருந்து சேற்றை அள்ளி, பக்கத்து வரப்பில் பரப்பி, காலில் பலகை கட்டிக்கொண்டு மிதித்து, காய்ந்ததும் கட்டிகளாக வெட்டினார்கள். அள்ளிய பள்ளத்துக்கு ‘வேர்’ என்றும், காயவைத்த வரப்புக்கு ‘ரிப்’ என்றும் பெயர். பூங்காவின் பெயரே அந்தத் தொழிலாளர் பேச்சுதான்.

வீடனில் வரப்பு குறைவு, ஏரிதான் அதிகம். காரணம் பேராசை. இன்னும் கொஞ்சம் கரி கிடைக்குமென்று வரப்பை ஒல்லியாக்கிக்கொண்டே போனார்கள். புயலலை அதை அரித்துத் தின்றது. 1775, 1776-ஆம் ஆண்டு வெள்ளங்களில் பூலாக்க என்ற ஊரே மூழ்கியது. இன்று அந்த இடத்தில் பாய்மரப் படகு விடுகிறார்கள். பிறகு கரி எடுத்த வேர்ரிபனில் வரப்புகளை அகலமாக விட்டதால், அங்கே கோடுகள் இன்னும் அழியவில்லை.

வழி கேட்க ஆள் தேட வேண்டியதில்லை. சந்திகள்தோறும் எண் பலகை. போக வேண்டிய எண்களைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டால் போதும். இந்த முறை 1995-இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் தொடங்கியது. யோசனை ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளருடையது. நிலத்தைத் தோண்டும் தொழிலிலிருந்து வந்தவரின் எண்கள் தோண்டிய நிலத்தில் வழிகாட்டுவது நல்ல பொருத்தம்தான்.

கூரைவேய்ந்த வீடுகளும் மரப்பாலங்களுமாக இருக்கும் கீத்தோர்ன்தான் வழியில் எல்லாரும் நிற்கும் ஊர். 1958-இல் பெர்ட் ஹான்ஸ்ட்ரா எடுத்த ‘ஃபேன்ஃபேர்’ படம் அதைப் புகழ்பெறச் செய்தது. கோடையில் அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும், விடிகாலையே உத்தமம். அருகில் யோனன் என்ற இடத்தில் ஆட்களையும் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றும் சிறு படகு உண்டு.

நாட்டிலிருந்தே மறைந்துபோன நீர்நாயை 2002-இல் இங்கேதான் மீண்டும் விட்டார்கள். செம்புநிறப் பெருவண்ணத்துப்பூச்சியின் நெதர்லாந்துக் கிளையினத்துக்கும் இந்தச் சதுப்புதான் முக்கியப் புகலிடம். ஆனால் சும்மா விட்டால் நாணல் மூடி, மண் தேங்கி, சதுப்பு காடாகிவிடும். அதனால் குளிர்காலந்தோறும் நாணலை அறுக்கிறார்கள். அறுத்த கட்டுகள் கூரை வேயப் போகின்றன.