கைத்துப்பாக்கியும் குழல்விட்டமும்: ஒரு தெரிவின் சமூக வரலாறு

சந்தையில் ஒரு பண்டத்தைத் தெரிவு செய்பவன், தன் தேவையும் விருப்புமே அத்தெரிவை நிர்ணயிக்கின்றன என எண்ணிக்கொள்கிறான். அத்தேவை எவ்வாறு தோற்றுவிக்கப்பட்டது என்னும் வினா அவனுக்கு எழுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நாளாந்தம் உடையினுள் மறைத்துக் காவிச் செல்லவென வாங்கப்படும் கைத்துப்பாக்கி இதற்குத் தக்க உதாரணமாகும். எந்தத் துப்பாக்கி, எந்தக் குழல்விட்டம் என்பன அங்கு ஒருவரின் உடல்வாகு, கைப்பலம், பணவசதி பற்றிய வினாக்களாகவே பேசப்படுகின்றன. சிறிய துப்பாக்கி மறைக்க இலகுவானது. ஆயின் வலுமிக்க ரவையை அதிலிட்டால் உதைப்புக் கூடிக் குறி பிசகும். இவை உண்மையே. எனினும் அவர்முன் வைக்கப்படும் அளவுகளுக்கே ஒரு வரலாறு உண்டு.

யார் காவலாம் என்பதை முதலில் நோக்குவோம். ரெனசி மாநிலத்தின் 1879ஆம் ஆண்டுச் சட்டம், தரைப்படை, கடற்படை வகைப் பிஸ்ரல்கள் தவிர்ந்த ஏனையவற்றின் விற்பனையைத் தடைசெய்தது. அனுமதிக்கப்பட்டவை பருமனும் விலையும் கூடியவை. தடுக்கப்பட்டவையோ, அடிமை நிலையினின்று விடுபட்ட கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் வாங்கக்கூடிய மலிவான சிறு துப்பாக்கிகள். சட்டத்தின் வாசகத்தில் இனமோ வர்க்கமோ கூறப்படவில்லை; விலையே அப்பணியைச் செய்தது என ஆய்வாளர் பலர் கருதுவர். 1956இல் தமது வீட்டின்மீது குண்டு வீசப்பட்டதன் பின்னர், மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் துப்பாக்கி காவ அனுமதி கோரினார்; அது மறுக்கப்பட்டது. தற்காப்பு எல்லோர்க்கும் உரிய உரிமையாக அன்று விளங்கவில்லை என்பது தெளிவு.

இனி, குழல்விட்டத்தின் வரலாறு. 0.45 அங்குல ரவைக்கு இன்றும் ஒரு புகழ் உண்டு. அப்புகழின் ஊற்றுக்கண் குடியேற்ற நாட்டுப் போராகும். 1899இல் பிலிப்பைன்சை அடக்கப் போர் தொடுத்த அமெரிக்கப் படை, அதன் தென்தீவுகளில் மோரோ மக்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. தம் 0.38 றிவோல்வரால் சுடப்பட்ட பின்னரும் மோரோ வீரர் முன்னேறி வருகின்றனர் எனப் படையினர் முறையிட்டனர். 1904இல் தொம்சன் என்ற அதிகாரியும் லாகார்ட் என்ற இராணுவ வைத்தியரும் சிக்காகோ இறைச்சிக்களத்தில் உயிருள்ள மாடுகள் மீதும், வேறாக மனிதப் பிணங்கள் மீதும் சுட்டுச் சோதித்து, 0.45க்குக் குறையாத குழல்விட்டத்தைப் பரிந்துரைத்தனர். இவ்வழியே பிரௌனிங் வடிவமைத்த பிஸ்ரல் 1911இல் படைக்கலமாயிற்று. 1985இல் ஒன்பது மில்லிமீற்றர் பெரெட்டாவுக்கு இடங்கொடுக்கும்வரை அது நிலைத்தது. ‘நிறுத்தும் வலு’ என இன்று கடைமேசையிற் பேசப்படும் கருத்தின் பின்னால், தம் மண்ணிற் போரிட்ட மனிதரின் உடல் கிடக்கிறது.

இரண்டாவது திருப்பம் பொலிசாரால் நேர்ந்தது. 1986 ஏப்ரல் 11ஆந் திகதி மயாமி நகரில் நிகழ்ந்த மோதலில் எப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். எதிரியின் உடலில் பாய்ந்த ஒன்பது மில்லிமீற்றர்க் குண்டு இதயத்தை எட்டாது நின்றது எனப் பழி அக்குண்டின்மீது சுமத்தப்பட்டது. அந்நிறுவனம் பத்து மில்லிமீற்றருக்கு மாறியது. அதன் உதைப்பு மிகையாகவே, 1990இல் 0.40 ரவை தோன்றியது. பொலிஸ் திணைக்களங்கள் பலவும் அதனை ஏற்றன. பொதுச் சந்தை அவற்றைப் பின்தொடர்ந்தது. ஆயின் 2014இல் அதே எப்.பி.ஐ., மேம்பட்ட குண்டுகளின் வருகையால் இவ்வளவுகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்றும், ஒன்பது மில்லிமீற்றரே கட்டுப்படுத்த இலகுவானது என்றும் முடிவுசெய்தது. கால் நூற்றாண்டுக்கு மேலான சுற்றில் தெரிவு தொடங்கிய இடத்துக்கே மீண்டது. ஒவ்வொரு மாற்றமும் புதிய துப்பாக்கி விற்பனைக்கு வாய்ப்பளித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

சட்டமும் சந்தையை வடிவமைத்தது. புளோரிடா 1987இல் தகுதியுடையோர்க்கெல்லாம் மறைத்துக் காவும் அனுமதியை வழங்கத் தொடங்கியது. வேறு மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1994இல் மத்திய சட்டம் புதிய ரவைக்கூடுகளைப் பத்து ரவைக்கு மட்டுப்படுத்தியபோது, உற்பத்தியாளர் சிறிய உடலில் பெரிய குழல்விட்டம் கொண்ட பிஸ்ரல்களை முன்தள்ளினர். கட்டுப்பாடே புதிய பண்டத்துக்குக் களமாயிற்று. அச்சட்டம் 2004இல் காலாவதியானது. 2024இல், அனுமதிப்பத்திரமின்றியே மறைத்துக் காவ இடமளிக்கும் மாநிலங்கள் 29 ஆயின.

அச்சம் வெறும் மாயை என்பது எமது வாதமன்று. பொலிசார் வந்துசேராத சேரியில் தனித்து வாழும் பெண்ணின் அச்சம் மெய்யானது. ஆயின் சமூகம் தீர்க்கவேண்டிய பாதுகாப்பின்மையைத் தனிமனிதரின் கொள்வனவாக மாற்றுவதே முதலாளித்துவச் சந்தையின் இயல்பு. 2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பிறனுக்கெதிராக என வாங்கப்படும் ஆயுதம் வாங்கிய வீட்டிலேயே பெரும்பாலும் தங்குகிறது. எந்தக் குழல்விட்டம் என்ற வினாவுக்கு நிபுணர் பலர் விடை கூறுவர். யாருக்கெதிராக, யாரின் ஆதாயத்துக்காக என்ற வினாக்களை எழுப்புவதே வரலாற்றாசிரியனின் கடமையாகும்.