காது அடைப்பும் செவிப்பறைச் சோதனையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய பேச்சு: "காது கும்முனு அடைச்சிருக்கு." உடனே பாட்டி தேங்காய் எண்ணெயைச் சூடு காட்டி ரெண்டு சொட்டு விடுவார். அதுக்கும் கேட்கலைன்னா தோட்டத்து டிரசரிடம் போவோம். அழுக்குதான் அடைக்கிறது என்பது நம் எண்ணம். சில நேரம் அது உண்மைதான். ஆனால் சளி பிடித்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சிக்கல் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது.

ஏன் அடைக்கிறது?

நடுச்செவியில் காற்று உண்டு. அதை மூக்கின் பின்புறத்தோடு இணைப்பது ஈஸ்டாக்கியன் குழாய். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, செவிப்பறையின் இரு பக்கமும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தும். கெந்திங் மலைக்குப் பஸ் ஏறும்போது காது அடைத்து, பிறகு 'டப்'பென்று திறப்பது இதனால்தான். சளியால் குழாய் வீங்கி மூடினால் உள்ளே அழுத்தம் குறையும், செவிப்பறை உள்வாங்கும், நாளடைவில் நீரும் தேங்கும். வெளியே விடும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் தீங்கும் செய்யும்.

சோதனை வளர்ந்த கதை

இக்குழாய்க்குப் பெயர் தந்தவர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறு அறிஞர் ஈஸ்டாக்கி. மூக்கையும் வாயையும் மூடி மெதுவாக ஊதும் முறையை வால்சால்வா 1704இல் எழுதினார். 1863இல் வியன்னாவின் பொலிட்சர், நோயாளி தண்ணீர் விழுங்கும்போது ரப்பர்ப் பையால் மூக்கு வழியே காற்றைச் செலுத்தினார். ரப்பர் மருத்துவத்திலும் இப்படிப் பயன்பட்டது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது. ஆனால் நடுச்செவியை அளக்கும் கருவி அப்போது உலக மருத்துவமனைகளிலேயே புழக்கத்துக்கு வரவில்லை. டென்மார்க்கின் மெட்ஸ் 1946இல் அதற்கு அடித்தளமிட்டார். காதில் சிறு முனையை வைத்து, காற்றழுத்தத்தை மாற்றிக்கொண்டே ஒலியை அனுப்பி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று கருவி வரைபடம் போடும். ஊசி இல்லை, வலி இல்லை, சில விநாடிதான். 1970இல் ஜெர்கர் அவ்வரைபடங்களை வகைப்படுத்தினார்:

- ஏ: முகடு நடுவில், இயல்பு நிலை.
- பி: தட்டைக் கோடு, நீர்த் தேக்கம் அல்லது ஓட்டை இருக்கலாம்.
- சி: முகடு குறை அழுத்தப் பக்கம்; குழாய் சரியாகத் திறக்கவில்லை.

வகுப்பறைக்கு வருவோம்

என் வகுப்பில் ஒரு பையன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். 'திமிரு' என்று பின் வரிசையில் உட்கார வைத்தேன். பிறகு எடுத்த சோதனையில் இரு காதிலும் பி வகை. கேட்காதவனை இன்னும் தள்ளி உட்கார வைத்தது என் தவறு.

ஆசிரியர்களே, அடிக்கடி சளி, "என்ன சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, திடீரென்று மார்க் குறைவது ஆகியவற்றைக் கண்டால் முதலில் முன் வரிசைக்குக் கொண்டு வாருங்கள், பிறகு கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

மாணவர் பயிற்சி: சளி பிடித்தவருக்குக் காது மந்தமாகக் கேட்பது ஏன்? குழாய், காற்றழுத்தம், செவிப்பறை அதிர்வு மூன்றையும் தொடர்புபடுத்தி விளக்குக.