நான்கு எல்லை சொல்லி வீடு விற்பது

வீட்டை விற்கப் போகிறேன் என்று டீக்கடையில் வாய் திறந்தால் போதும், மறுநாள் காலை வாசலில் ஒரு தரகர் நிற்பார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தரகு மிகப் பழைய தொழில். பல்லவர் செப்பேடுகளில் வரிகளை அடுக்கிச் சொல்லும் இடத்தில் தரகும் வருகிறது. அரசன் வரி போடும் அளவுக்கு அதில் வரும்படி இருந்திருக்கிறது. ஆனால் அது சந்தைச் சரக்குக்கான தரகு என்றே எனக்குத் தோன்றுகிறது. நிலம் விற்ற கதை வேறு.

நம் அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் 1990இல் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் ஒரு பாசம். கல்வெட்டுப் படிக்கும் பழக்கமும் அப்படி வந்ததுதான். சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளை எந்த ஊரில் எடுத்துப் பார்த்தாலும் ஒரு முறை இருக்கும். முதலில் கிழக்கெல்லை, பிறகு தெற்கு, மேற்கு, வடக்கு. அதாவது வலமாகச் சுற்றி வருவார்கள், நாம் கிரிவலம் போகிற மாதிரி. உள்ளே இருக்கும் மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு எல்லாம் சேர்த்து விற்றோம் என்பார்கள். விலையை ஆவணக்களரியில் வாங்கிக்கொண்டோம் என்பார்கள். ஆவணக்களரி என்றால் ஊரறிய ஆவணம் எழுதும் இடம், அந்தக் காலத்துப் பத்திர ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளலாம். விற்றவர், வாங்கியவர், சாட்சிகள், எழுதியவர் எல்லோரும் வருகிறார்கள். ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்த இடைத்தரகரை நான் எங்கும் பார்த்ததில்லை. தேவைப்பட்டிருக்காது. ஊருக்குள்ளேயே விற்று வாங்கினார்கள். யார் நிலம், யாருக்குப் பங்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாண்டிச்சேரியில் வேறு ஒரு வழி இருந்தது. பிரெஞ்சு சிவில் சட்டம் 1804இல் வந்தது, 1819இல் பிரெஞ்சிந்தியாவிலும் நடைமுறைக்கு வந்தது. அதன் 1583ஆம் பிரிவு, பொருளும் விலையும் ஒத்துப்போனால், பணம் கொடுக்காவிட்டாலும் சாவி கைமாறாவிட்டாலும், இருவருக்குள் விற்பனை முடிந்தது என்கிறது. ஆனால் எழுத்து நொத்தேரிடம் போகும். அவர் இரு தரப்புக்கும் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவார். மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, நம் கையில் நகலைத்தான் தருவார்.

பிரிட்டிஷ் இந்தியாவில் நேர் எதிர். 1882இன் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடோ நிலமோ பதிவு செய்த பத்திரத்தால்தான் கைமாறும். அக்ரிமெண்ட் போட்டதாலேயே வீடு வாங்கியவருடையது ஆகிவிடாது. பதிவுச் சட்டம் 1864, 1866, 1877 என்று மாறி மாறி வந்து, 1908இல் வந்ததுதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. சார் பதிவாளர் அலுவலகத்தில் புத்தகம் ஒன்றில் நகல் ஏறும், மூலப் பத்திரம் வாங்கியவர் கைக்குத் திரும்பும். அதனால்தான் நம் வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் துணி சுற்றிய பத்திரம் இருக்கிறது. அது தொலைந்தால் தூக்கம் போய்விடும். நொத்தேர் ஊரில் அந்தக் கவலை குறைவு.

தரகர் வீட்டு விற்பனைக்குள் நுழைந்தது இந்த இரண்டாவது ஏற்பாட்டில்தான் என்று நினைக்கிறேன். முத்திரைத்தாள், வில்லங்கச் சான்று, பத்திர எழுத்தரின் நடை எல்லாம் சாதாரண ஆளை மிரட்டின. வாங்குபவரும் வெளியூர்க்காரர் ஆனார். நம்மூரில் இது இன்னும் அதிகம். 1989இல் மாவட்டத் தலைநகர் ஆனோம். கிரிவலக் கூட்டம் பெருகியது. ஆசிரமத்துக்கு வந்தவர்கள் இங்கேயே தங்க ஆசைப்பட்டார்கள். வாங்க வருபவரை விற்பவருக்குத் தெரியாது, விற்பவரை வாங்குபவருக்குத் தெரியாது. அந்த இடைவெளிக்குத்தான் கமிஷன். ஐம்பது லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் ஒரு லட்சம்.

தரகர் இல்லாமல் விற்பதும் இணையம் கொண்டுவந்த புதுமை அல்ல. பிரான்சில் 1975இலேயே, சொந்தக்காரர் சொந்தக்காரருக்கே விற்பதற்கென்று ஒரு பத்திரிகை வந்தது. அதன் பெயரே ‘ஆளிடமிருந்து ஆளுக்கு’ என்ற பொருள்தான். ஆள் கிடைத்ததும் நொத்தேரிடம் போய்விடுவார்கள். இந்தியாவில் நைன்டிநைன் ஏக்கர்ஸ் 2005இல், மேஜிக்பிரிக்ஸ் 2006இல், பெயரிலேயே தரகரைத் தள்ளிய நோபுரோக்கர் 2014இல் வந்தன.

நானும் அப்படி ஒரு தளத்தில் போட்டுத்தான் என் வீட்டை விற்றேன். வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் தரகர்கள்! கடைசியில் வாங்கியது ஆரணிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர். அவர் மனைவி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஐயா, சித்திரையில கிணத்துல தண்ணி நிக்குமா?” என்றுதான் முதலில் கேட்டார். வலைத்தளத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

2018 பிப்ரவரியில் பதிவுத்துறை ஸ்டார் 2.0 கொண்டுவந்தது. அதன் பிறகு வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், மாதிரிப் பத்திரம் எடுக்கலாம், பதிவுக்கு நேரம் குறிக்கலாம். பட்டா, சிட்டாவும் வருவாய்த்துறைத் தளத்தில் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் தரகர் பையில் இருந்த ரகசியம் பாதி இப்போது எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது.

மீதிப் பாதி எங்கே? வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் சொல்லும். வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை அதில் வராது. பெரியவர் இறந்தபின் வாரிசுகள் யார் யார் என்பது வராது. தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தத்தால் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு வந்தது, நாடு முழுக்க 2005இல் வந்தது. அக்கா தங்கை கையெழுத்து இல்லாத பூர்வீக வீட்டுப் பத்திரம் பின்னால் கோர்ட்டுக்குப் போகலாம். “அந்த வீட்டுக்கு வந்தவாசியில ஒரு அக்கா இருக்குதுங்க” என்று வாங்குபவர் காதில் சொல்வது தெருதான், நல்ல தரகரும் சொல்வார். தரகர் வேண்டாம் என்று தீர்மானித்தவர் அதை முதல் சந்திப்பிலேயே தாமே சொல்லிவிட வேண்டும். நான் வாரிசுச் சான்றிதழிலிருந்து வீட்டுவரி ரசீது வரை ஒரு கோப்பாகத் தைத்து அவர்கள் மேசையில் வைத்தேன். குமாஸ்தா புத்தி!

நம் வயதுக்காரர்கள் ஏமாறும் இடங்கள் சில உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில், நமக்கு முழங்கால் வலி. “நீங்க அலைய வேண்டாம், ஒரு பவர் எழுதிக் கொடுத்துடுங்க” என்பார்கள். பவரை வைத்து மட்டும் சொத்து கைமாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பவர் வாங்கியவர் நம் பெயரில் வேறொருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க முடியும், பணம் அவர் கைக்குப் போகும். இணையத்தில் வரும் ஆள் வேறு விதம். ராணுவத்தில் இருக்கிறேன், உடனே அட்வான்ஸ் போடுகிறேன், இந்தப் படத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்பான். பணம் வாங்க ரகசிய எண் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகப் போகிறது.

ரொக்கமாகவும் வாங்காதீர்கள். 2015 ஜூன் முதல் வீடு, நில விற்பனையில் இருபதாயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் போனால், வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக் கட்டிவிட்டு மீதியைத்தான் தருவார், குறைகிறதே என்று சண்டை போட வேண்டாம். மலையை விட்டுப் போக மனமில்லாமல் வீடு கேட்கும் வெளிநாட்டவரிடம் ஆசைப்பட்டு அட்வான்ஸ் வாங்கும் முன் அந்நியச் செலாவணிச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். நம் வம்சாவளியினருக்கு உள்ள வசதி எல்லோருக்கும் இல்லை.

பதிவு நாளில் ஆசிரியரும் மனைவியும் வந்தார்கள், நானும் போனேன். புகைப்படம் எடுத்தார்கள், விரல் ரேகை வைத்தோம். பத்திரத்தை ஒரு முறை உரக்கப் படித்துவிடலாமா என்று கேட்டேன். சொத்து விவரம் வந்தபோது நான்கு எல்லையையும் அந்த அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள், அவர்களுக்கு நான் கொடுத்தது ஆளுக்கு ஒரு காப்பி.