வாசலுக்கு வெளியே ஒரு காத்திருப்பு: ரஞ்சன்குடி முதல் மின்னஞ்சல் குவாரண்டைன் வரை

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டிச் சற்று தூரம் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படும். அகழி, அரைவட்டக் கொத்தளங்களோடு வெளிமதில், அதற்கு உயரே இன்னொரு மதில், உச்சியில் மேல்கோட்டை. 1751இல் வாலிகண்டபுரப் போர் இதைச் சுற்றித்தான் நடந்தது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. இரு தரப்பும் கோட்டையைக் கேட்டன. கோட்டைத் தலைவரோ உடனே யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. இருவரையும் வெளியே நிறுத்தி, பேசிப் பேசியே நாளைக் கடத்தினார் என்கிறது ராபர்ட் ஓர்மின் வரலாறு.

உள்ளேயும் விடாமல், திருப்பியும் அனுப்பாமல் நிறுத்தி வைப்பது: மின்னஞ்சல் காவலில் இன்று 'குவாரண்டைன்' எனப்படும் வேலை இதுதான். அந்த நிறுத்துமிடம் வாசலை விட்டு விலகிப் போன வரலாற்றை இக்கட்டுரை தொடர்கிறது. இடம் விலக விலக, நிறுத்தப்பட்டதற்கும் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்கும் நடுவே உள்ள கயிற்றை நீட்டிக் கட்டவேண்டியிருந்தது என்பதே என் வாதம்.

குவாரண்டைன் என்ற சொல் 'நாற்பது நாள்' என்ற இத்தாலியத் தொடரிலிருந்து வந்தது. 1377இல் ரகூசா நகரம் கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வந்தோரை முப்பது நாள் வெளியே நிறுத்தியது. 1423இல் வெனிஸ் இதற்கென்றே ஒரு தீவை ஒதுக்கியது.

நமக்கு நெருக்கமான சான்று மண்டபம். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி திறந்த பிறகு, தோட்ட வேலைக்குப் போன தமிழர்களை இலங்கை அரசு இராமநாதபுரக் கரையில், மண்டபம் முகாமிலேயே நிறுத்திச் சோதித்தது. இலங்கையின் வாசல்காவல் தமிழ் மண்ணில் நின்றது! திருச்சி மாவட்டத்திலிருந்து ஏராளமானோர் அந்த வழியே போனார்கள். பெரம்பலூர் அன்று அம்மாவட்டத்தின் பகுதி. அவர்களின் துணிகள் கிருமிநீக்கப்பட்டன, அம்மை குத்தப்பட்டது. தோட்ட எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்று அக்காலத் தொழிலாளியோடு பயணம் செய்தது. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதற்கு அந்த வில்லையே அத்தாட்சி. அம்மக்கள் பட்ட பாட்டை அஞ்சலோடு வைத்துப் பார்ப்பது தகாது. நான் ஒப்பிடுவது நிர்வாக ஏற்பாட்டை மட்டுமே.

மின்னஞ்சலுக்கு வருவோம். 1978 மே மாதம் கேரி துயர்க் என்ற விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சில நூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை, இன்று ஸ்பேம் எனப்படுவதை, அனுப்பினார். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறை, அனுப்புநர் சொன்ன பெயரை அப்படியே நம்பியது. 1999இல் மெலிஸா, 2000இல் ஐ லவ் யூ வைரஸ் வந்த பிறகு வாசலில் காவல் கட்டாயமாயிற்று. அமாவிஸ் போன்ற தொடக்ககாலக் கருவிகள், பிடித்த அஞ்சலை, வாசலில் காவல் நிற்கும் அதே கணினியில் (கேட்வேயில்) 'வைரஸ்மெயில்ஸ்' என்ற அடைவில் போட்டுவைத்தன. வட்டு நிரம்பினால் நல்ல அஞ்சலும் நிற்கும். கேட்வே நான்கு இருந்தால் குவாரண்டைனும் நான்கு. தொலைந்த அஞ்சலை எதில் தேடுவது? பயனர் பார்க்கும் வலைப்பக்கத்தையும் காவல் நிற்கும் கணினியிலேயே திறந்துவைப்பது ஆபத்து. ஆகவே நிறுத்துமிடம் தனிக் கணினிக்குப் பெயர்ந்தது. 2007இல் சிஸ்கோ வாங்கிய அயர்ன்போர்ட் நிறுவனத்தின் சாதனங்களில் இந்தப் பிரிவினை தெளிவாக அமைந்தது.

அமைக்கும் முறையில் அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் குவாரண்டைன் கணினியில் சேவையை இயக்கி, ஒவ்வொரு கேட்வேயையும் அதில் பதிவு செய்யவேண்டும். அதன் பிறகே கேட்வேயில் வெளிக் குவாரண்டைனின் பெயர், ஐபி முகவரி, போர்ட் எண் ஆகியவற்றைக் கொடுக்கலாம். சிஸ்கோவில் ஸ்பேமுக்கு வழக்கமான போர்ட் 6025. வைரஸ், கொள்கை மீறல் அஞ்சல்களுக்கு 7025. நடுவே இருக்கும் ஃபயர்வாலில் இவை மூடியிருந்தால் பிடிபட்ட அஞ்சல் கேட்வேயின் வரிசையிலேயே தேங்கும். உறையில் இருந்த உண்மையான பெறுநர் முகவரியும் கூடவே போகவேண்டும். அதுதான் இங்கே தகரச் சீட்டு. அது இல்லாமல் விடுவிக்க முடியாது. விடுவித்த அஞ்சல் பொதுவாக மறுபடி கேட்வே வழியாகப் பெட்டிக்கு வரும். பயனர் 'இவரை நம்புகிறேன்' என்று குறித்த பட்டியலும் கேட்வேக்குத் திரும்பி வரவேண்டும். இல்லையென்றால் அதே ஆளின் அடுத்த கடிதமும் மாட்டிக்கொள்ளும்.

போர்ட்டைச் சரிபார்ப்பவர்கள், நிறுத்தப்பட்டவற்றைப் பட்டியலிட்டுப் பயனருக்குக் குவாரண்டைன் அனுப்பும் அறிவிப்பு அஞ்சலை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. குறித்த நாள் கடந்தால் குவாரண்டைன் அஞ்சலைத் தானாக அழித்துவிடும். கேள்வியே படாத கணினியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் பட்டியலை, அதுவே ஸ்பேம் என்று எண்ணி ஒரு குமாஸ்தா தள்ளிவிட்டால், ஒப்பந்தப்புள்ளிக் கடிதமும் அதோடு போகும். அந்த அறிவிப்பின் வாசகத்தை நிர்வாகியே மாற்றி எழுதலாம். யூனிகோடில் தமிழும் போகும். பெரம்பலூர் அலுவலகம் ஒன்றுக்கு நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "உங்களுக்கு வந்த மூன்று கடிதங்களை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். 14 நாளுக்குள் பார்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியதை அனுப்பிவைக்கிறோம்."